நான் தொலையவில்லை

வில்லாபுரம், 9 ஜூன் 1999

எதிர்வீட்டு அண்ணனிடமும் என் கணவர் அந்தக் கதையைச் சொல்லிவிட்டார். "கொடைக்கானல்ல இவ தொலைஞ்சு போயிட்டா அண்ணே. எம்புட்டு நேரம் தேடுனோம் தெரியுமா!"

நான் தொலையவில்லை. கொடைக்கானலில் நாங்கள் போன வேனுக்குள் அவர் நண்பர்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தார். "நடந்துட்டு வாரேன்" என்றேன். தலையை ஆட்டினார். காரட் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு வீட்டுக்குப் போன செல்வி என்ற பெண்ணிடம், "உங்க ஊரைப் பாக்க நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"வாங்கக்கா. செருப்பைக் கழட்டிருங்க, வழுக்கும்" என்றாள்.

ஒற்றையடிப் பாதையில் அவள் பின்னாலேயே பள்ளத்தில் இறங்கினேன். அவள் வீட்டில் அவித்த உருளைக்கிழங்கை உப்புத் தொட்டுத் தின்றேன். திரும்பும்போது தனியாகத்தான் ஏறி வந்தேன். ஒரு திருப்பத்தில்கூடத் தடுமாறவில்லை.

இன்றைக்கு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "தொலையல அண்ணே. சொல்லிட்டுத்தான் போனேன். இவரு சீட்டுலருந்து தலையைத் தூக்கல" என்று சொல்லிவிட்டேன். அண்ணன் காபியைக் குடிக்காமல் அவரையே பார்த்தார்.

படுக்கும்போது, "எதுக்குடி மானத்தை வாங்குன?" என்றார்.

"அடுத்த தடவையும் இறங்கிப் போவேன்" என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்தப் பாதையில் ஏறிய முள் இன்னும் உள்ளங்காலில் உறுத்துகிறது. எடுக்க மனம் வரவில்லை. இருக்கட்டும்.