தாழ நீட்டிய கை

அன்புள்ள வெனிங்கின் அப்பாவுக்கு,

அல்லாஹ்வின் அருளால் தைவானில் நான் நலம். உங்கள் முதுகுவலி தேவலையா? நம் பெண் வெனிங் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

நான் பார்த்துக்கொள்ளும் பெரியவர், பக்கவாதம் வந்ததிலிருந்து தட்டில் இடது பக்கச் சோற்றை அப்படியே விட்டுவிடுவார். பிடிவாதம் என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். நேற்று வந்த நர்ஸ் தட்டை அரைவட்டமாகச் சுற்றி வைத்தாள். மீதியையும் சாப்பிட்டுவிட்டார். "கண்ணுல கோளாறு இல்லக்கா. அந்தப் பக்கம் இருக்கறது அவரு மூளைக்குத் தெரியல" என்றாள்.

எனக்கு ஊரில் கொண்டாடிய பெருநாள் ஞாபகம் வந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் பாயில் உட்கார்ந்தபடி நீட்டிய கையை வெனிங் பிடித்து நெற்றியில் ஒற்றிக்கொள்ளாமல் சும்மா நின்றாளே. "தலைக்குள்ள தேங்கின தண்ணிய வடிக்க டியூப் வெச்சாங்களே, மரியாதையும் சேந்து வடிஞ்சிடுச்சா?" என்று உங்கள் அண்ணன் சிரித்தார். நான் அவள் தொடையைக் கிள்ளினேன். படியில் அவள் தடுக்கி விழுவதுகூட, கீழே இருப்பது தெரியாமல்தானோ?

ஆஸ்பத்திரியில் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைப் படிக்கவைத்துத்தானே கண் நன்றாக இருக்கிறது என்றார்கள்? கீழ்ப்பக்கமும் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டியூபில் அடைப்பு இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். அவள் பாடம் படிப்பதைப் பதிவு செய்து அனுப்புங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

பெரியவர் கூப்பிடுகிறார். இனி எல்லாரும் அவள் முகத்துக்கு நேராகக் கையை நீட்டட்டும். நான் கிள்ளியது ஞாபகம் இருக்கிறதா என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள்.

உங்கள்
சுகார்த்தி