பெல்லாரி வெயிலில் நீங்கள் சொன்ன ‘ஆகல்ல’

இன்று காலை பொம்மசந்திராவில், எங்கள் யார்டில், புதிதாகச் செய்த ஒரு டேங்கின் மூடியைத் திறந்தார்கள். உள்ளே அடைந்து கிடந்த ரெசின் பிசின் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினார்கள். நான் நகரவில்லை. “உங்க டேங்க் எல்லாம் நெயில் பாலிஷ் பாட்டில் மாதிரி நாறுது மேடம்” என்று கேலி செய்வீர்களே, அந்த வாசனைதான்.

அப்போது நாம் எதிரெதிர் கம்பெனிகள். இருவருக்கும் வேலை ஒன்றுதான்: தொழிற்சாலைக் கழிவுநீரைத் தேக்கி வைக்கும் டேங்க்குகளை விற்பது. உங்களுடையது இரும்பு, உள்ளே துரு ஏறாமலிருக்க எபாக்சி பூச்சு. எங்களுடையது கண்ணாடி இழையும் ரெசினும் சேர்த்துச் செய்யும் ஃபைபர். ஓசூர் ரோட்டில் எந்த ஃபேக்டரிக்குப் போனாலும் எனக்கு முன்பே வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பீர்கள். பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, “வாங்க மேடம், இன்னைக்கு யாரு தோக்கறதுன்னு பாப்போம்” என்பீர்கள். உள்ளே கூப்பிட்டதும் ஆளுக்கொரு முகத்தை மாட்டிக்கொண்டு போவோம். வெளியே வந்து ஒரே கடையில் டீ குடிப்போம். நீங்கள் இந்த ஊரில், ஒக்கலிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், பாதிப் பேச்சு கன்னடத்தில் வரும். தர்மபுரியிலிருந்து வந்து பொம்மனஹள்ளியில் ஒற்றை அறையில் இருந்தவள் நான். என்னோடு சிரித்துப் பேசியவர் நீங்கள் ஒருவர்தான் என்று கழிந்த நாட்கள் எத்தனையோ.

பெல்லாரிக்கு அப்பால் ஒரு ஃபேக்டரிக்கு இரண்டு கம்பெனியையும் ஒரே நாளில் வரச் சொல்லியிருந்தார்கள். இரும்புக் குழாய்களை அமிலத்தில் கழுவும் இடம். கழுவிய தண்ணீர் சுடச்சுட வெளியே வரும். அதைச் சுத்திகரிக்கும் வரை தேக்கி வைக்கப் பெரிய டேங்க் வேண்டும். கோடை உச்சத்தில் இருந்தது. பழைய டேங்கைப் பார்க்கப் போனால் ஏணிக் கம்பியைத் தொட முடியவில்லை. உங்கள் கைக்குட்டையை இரண்டாகக் கிழித்து எனக்குப் பாதி கொடுத்தீர்கள்.

மேலே ஏறி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தோம். பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்திருந்தது. அதற்கடியில் இரும்பு செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. அதே பூச்சைத்தான் உங்கள் கம்பெனியும் தருவதாக இருந்தது. நீங்கள் டார்ச்சை அணைத்துவிட்டு மதிலுக்கு அப்பால் பார்த்தீர்கள். சரிவில் தொழிலாளர்களின் தகர வீடுகள், நடுவில் ஒரு கிணறு. ஒரு பெண் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள்.

“இது ஒடைஞ்சா தண்ணி எங்க போவும் மேடம்?”

சரிவு எந்தப் பக்கம் என்று இருவருக்கும் தெரிந்தது.

ஃபேக்டரி மேனேஜருக்கு உங்கள் டேங்க்தான் பிடித்திருந்தது. மேசை மேல் இருந்த போனில், ஸ்பீக்கர் வழியாக, உங்கள் மேலதிகாரியும் பேசிக்கொண்டிருந்தார். பத்து வருஷம் தாங்கும் என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று மேனேஜர் கன்னடத்தில் கேட்டார். “தாராளமா கொடுக்கலாம்” என்றது போன். நீங்கள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தீர்கள்.

“ஆகல்ல சார்” என்றீர்கள். “முடியாது. இந்தச் சூட்டுக்கும் ஆசிடுக்கும் எங்க பூச்சு நிக்காது. வெயில்ல இரும்பு விரியுது, குளிர்ல சுருங்குது, பூச்சு விட்டுப்போவுது. நீங்க ஃபைபரே போடுங்க.”

போன் டக்கென்று கட்டானது. எனக்கு உங்களை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆர்டர் எங்களுக்கு வந்தது. உங்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். எங்கள் ஆபீஸில் எனக்காகக் கேக் வெட்டினார்கள்; என் துண்டை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் பொம்மனஹள்ளி பஸ் ஸ்டாப்பில் நீங்கள் எனக்காகக் காத்திருந்தீர்கள்.

“ஏன் சார் அப்படிச் சொன்னீங்க?” என்று கோபமாகத்தான் கேட்டேன்.

“அந்தம்மா தண்ணி சேந்திக்கிட்டு இருந்தாங்களே மேடம். வேற என்ன சொல்றது?” பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினீர்கள். “இப்ப கையில வேலை இல்ல. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். உங்க வீட்டுக்கு எங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு வரலாமா?”

புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும், வந்து நின்ற பஸ்ஸில் ஏறாமல் விட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் நீங்கள் என்னை மேடம் என்றே கூப்பிட்டதில் என் அம்மாவுக்கு அவ்வளவு சிரிப்பு. இன்னொரு டேங்க் கம்பெனியில் சேர்ந்தீர்கள். மறுபடியும் எதிரெதிரே உட்கார்ந்தோம். காலையில் ஒரே வண்டியில் கிளம்புவோம். ஒன்றாக வந்தது தெரியக் கூடாதென்று ஃபேக்டரிக்கு ஒரு தெரு முன்னால் என்னை இறக்கிவிட்டுப் போவீர்கள். போன வருடம் மழை தொடங்குவதற்கு முன் உங்கள் இதயம் நின்றுபோனது. இப்போது ஆட்டோவில் போகிறேன். அந்தத் தெருமுனைகள் வரும்போது உடம்பு தானாக இறங்கத் தயாராகிறது.

சென்ற மாதம் ஒரு மருந்து ஃபேக்டரியில் மீட்டிங். அவர்களுடைய கழிவுநீரில் எங்கள் ரெசினையே இளக்கிவிடும் ரசாயனங்கள் கலந்திருந்தன. “உங்க டேங்க் சரிப்படுமா?” என்று கேட்டார்கள். சரிப்படாது என்றேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பார்க்கச் சொன்னேன். மறுநாள் ஆபீஸில் யாரும் எனக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது பெரிதாகப் படவில்லை.

மீட்டிங் முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தேன். எந்த இடத்தில் நீங்கள் சிரிப்பீர்கள், எங்கே “அப்புறம்?” என்று கேட்பீர்கள் என்றுகூட யோசித்திருந்தேன். பூட்டைத் திறக்கச் சாவியைத் தேடும்போதுதான் உறைத்தது.

இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லச் சேர்த்து வைத்த அதே வார்த்தைகளில், அப்படியே வைத்திருக்கிறேன்.