லோடு ஆட்டோவில் வந்த கம்பெனி

அண்ணாச்சி,

இன்று காலை பிஸ்கட் டப்பாவைத் திறந்ததும் ரப்பர் ஸ்டாம்பு மையின் வாடை வந்தது. கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. நம் கம்பெனியில் உங்கள் இடத்தில் என் மகளை டைரக்டராகச் சேர்க்க ஆடிட்டர் காகிதம் கேட்டிருக்கிறார். அதற்குத்தான் டப்பாவை எடுத்தேன்.

அந்த வருசம் விளாத்திகுளத்தில் எங்கள் வீட்டு அறை நிறைய மிளகாய் வத்தல் கிடந்தது. மதுரையில் பெரிய மசாலாக்காரர்களிடம் போனால், மூன்று வருசமாவது ஆன கம்பெனியோடுதான் பேசுவோம் என்றார்கள். மழைக்கு முன் விற்காவிட்டால் வத்தல் வெளிறிவிடும். உங்களிடம் ஒரு கம்பெனி சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டு, அதை விலைக்கு வாங்கக் கோவில்பட்டிக்கு வந்தேன். தீப்பெட்டி லேபிள் அச்சடிக்க நீங்கள் பதிவு செய்து, ஒரு லேபிள்கூட அடிக்காமல், ஆடிட்டர் வருசந்தோறும் தாக்கல் செய்யும் காகிதத்தில் மட்டும் உயிரோடிருந்த கம்பெனி.

ஆடு என்றால் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லும் குடும்பம் எங்களுடையது. கம்பெனிக்கு எதைப் பிடித்துப் பார்ப்பது? கையெழுத்தெல்லாம் முடிந்த மறுநாள், அதை எடுத்துப்போக லோடு ஆட்டோவோடு உங்கள் வாசலில் வந்து நின்றேன். கயிறு, தார்ப்பாய் சகிதம். மேஜை, பீரோ ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். பத்தாம் வகுப்பு அவ்வளவுதான் யோசிக்கும்.

நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு ஃபைல், ஒரு ஸ்டாம்பு, பேரும் தொடங்கிய வருசமும் எழுதிய ஒரு தகரப் பலகை மூன்றையும் வண்டியில் வைத்தீர்கள்.

"இவ்வளவுதானா அண்ணாச்சி?"

"இன்னும் ஒண்ணு இருக்குலே. ரெண்டு டைரக்டர் வேணும்லா? ஒனக்கு யாரு இருக்கா?"

"வீட்ல கேட்டேன். 'கண்ணால பாக்காத சாமானை வாங்குனவரோட சேந்து கையெழுத்துப் போட மாட்டேன்'ங்கா."

"அப்பம் நாந்தான். கையைக் குடு, ஏறுதேன்."

மதுரைக்கும் கூட வந்தீர்கள். மசாலாக் கம்பெனி மேலாளர் ஃபைலைப் புரட்டிவிட்டு, "எட்டு வருசக் கம்பெனி. இதுவரைக்கும் என்ன பண்ணீங்க?" என்றார். இலங்கைக்கு ஏற்றுமதி என்று ஒரு பொய்யை பஸ்ஸில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"ஒண்ணும் பண்ணல. சும்மா கெடந்துச்சு. இவன் போன வாரந்தான் வாங்குனான். வத்தல் மட்டும் இவன் காட்டுல வெளைஞ்சது. மோந்து பாருங்க."

மோந்தார், தும்மினார். பத்து மூடை எடுப்பதாக இருந்தவர் இரண்டே மூடை எடுத்தார். மிச்சம் வெளிறித்தான் போனது. திரும்பும்போது சாத்தூர் வரை நான் உங்களோடு பேசவில்லை.

"கோவமாலே?"

"பொய் சொல்லியிருந்தா பத்தும் போயிருக்கும்."

"போயிருக்கும். அப்புறம் வருசா வருசம் அந்தப் பொய்க்குத் தீனி போடணும். அது என்ன ஆடா, குட்டி போட?"

அடுத்த வருசம் அந்த மேலாளரே வத்தல் கேட்டுக் கூப்பிட்டார். உங்களிடம் சொன்னேன். "அப்படியா" என்று வேறு பேச்சுக்குப் போய்விட்டீர்கள்.

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து ஒரு வியாபாரி வந்தார். தகரப் பலகையில் இருந்த வருசத்தைப் பார்த்து, "ரொம்பப் பழைய கம்பெனி போலிருக்கே" என்றார். இலங்கை இன்னும் என் நாக்கு நுனியில்தான் இருக்கிறது, அண்ணாச்சி. அதை விழுங்கிவிட்டு, "மொத எட்டு வருசம் சும்மா கெடந்துச்சு" என்றேன்.

வியாபாரத்தைக் கெடுக்கிறேன் என்று பக்கத்தில் இருந்த மகள் முறைத்தாள். அன்றிலிருந்து பேச்சில்லை. இன்று காகிதத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சாத்தூர் வரை பேசாமல் வந்தவன். அவள் எந்த ஊர் வரை என்று பார்க்கிறேன்.