இடப்பக்கச் செம்பு

வெள்ளிமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ரங்கம்மாளுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு இருமல் குறைந்ததா? உன் முட்டிவலி எப்படி?

"வூட்டுக்கே வந்து நோயாளிய பாத்துக்கிறவங்க ஒழுங்கா பாக்கறாங்களான்னு எப்படிங்க கண்டுபிடிப்பீங்க?" என்று நான் இந்த வேலைக்குக் கிளம்பும்போது கேட்டாய். நேற்றுதான் பதில் கிடைத்தது.

இங்கே சின்னதுரை என்பவருக்குப் பக்கவாதம். இடது கை வராது. தனுஷா என்ற பெண் காலையும் மாலையும் வந்து கவனிக்கிறாள். வீடு சுத்தம், மாத்திரையும் சரி. ஆனால் அவர் உதடு வெடித்திருந்தது. செம்பில் தண்ணீர் குறையவே இல்லை.

கரும்பலகை தெரிகிறதா என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பேனே, அதுபோல அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இடது கையை முதுகுக்கடியில் மடக்கி அவர் கயிற்றுக் கட்டிலில் படுத்தேன். செம்பு இடப்பக்கம் இருந்தது. எட்டவில்லை.

"எறங்குங்க வாத்தியாரே! கயிறு அறுந்துட்டா நான் எங்க படுக்கிறது?" என்று சிரித்தார்.

"நான் நிக்கிற பக்கமே வெச்சிட்டேன் சார்," என்ற தனுஷா, உடனே ஸ்டூலை வலப்பக்கம் நகர்த்தினாள். நல்ல பெண். அவர் ஒரே மூச்சில் அரைச் செம்பு குடித்தார்.

இங்கே குளிர் ஜாஸ்தி. ஸ்வெட்டரும் நார்த்தங்காய் ஊறுகாயும் அனுப்பு. தனியாகச் சாப்பிட்டால் எதுவும் ருசிக்கவில்லை. பஸ் கிளம்புகிறது, இந்தக் கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

வரும் திங்கட்கிழமை முதல் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் வருகிறார்கள் அல்லவா? அம்மாவுக்கு வராதது வலது கை. அவர்கள் போன பிறகு, உன் வலது கையை மடக்கிக்கொண்டு அம்மா கட்டிலில் படுத்து, தண்ணீரை எடுத்துக் குடித்துப் பார்.

தனசேகரன்