நாலாம் நம்பர் பாட்டில்

1976 நவம்பர் 9, செவ்வாய்

மூன்று நாள் மழை இன்று விட்டது. லாரியில் வைப்பர் வேலை செய்யவில்லை. நேற்று அந்தக் கொட்டும் மழையிலும் ஒரு கையால் ஸ்டியரிங், ஒரு கையால் கண்ணாடி துடைத்துச் சாத்தான்குளம்வரை உப்பு கொண்டுபோய் இறக்கினேன். இந்த ஜில்லாவில் வேறு எவனாலும் முடியாது.

அக்கா மகள் எஸ்தர் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். அதற்கு என் உயிரை வாங்குகிறாள். ஃபார்மலின் ஊற்றிய ஆறு பாட்டில் கொடுத்திருக்கிறாள். வழியில் தண்ணீர் தேங்கின இடத்தில் பூச்சி பிடித்துப் போட வேண்டும். பூச்சி என்று சொன்னால் கோபம்.

"பூச்சி இல்ல மாமா, இறால் சாதி. இப்ப இருக்க இறாலுக்கெல்லாம் பாட்டன். காலு எல பரத்தின மாதிரி இருக்கும்."

மூன்று வகையாம்:
1. ஓடு கிடையாது. மல்லாந்து நீந்தும்.
2. முதுகில் கேடயம், பின்னால் இரண்டு வால்.
3. சிப்பி மாதிரி இரண்டு ஓடு, உள்ளே உடம்பு.

எல்லாம் மழைக்குட்டைச் சரக்கு. ஓடில்லாததில் ஒரு சிவப்புச் சாதி மட்டும் உப்பளத்தில் இருக்கும். பாட்டிலுக்கு ஒரு சீட்டு: இடம், ஆழம், தண்ணீர் நிறம், அடிமண், கூட என்ன இருந்தது. அந்த இடத்திலேயே எழுத வேண்டுமாம். பெண் பார்க்கப் போனால்கூட இத்தனை கேள்வி இல்லை.

நவ. 11, வியாழன்

வெயில். ஒரே நடையில் ஆறு பாட்டிலும் நிரப்பினேன். படித்தவன் என்றால் ஒரு மாதம் எடுத்திருப்பான்.

ஆறுமுகனேரி டீக்கடையில் மூன்றாம் வகையைக் காட்டினேன்.

"உள்ள முத்து இருக்குமா அண்ணாச்சி?"

"கடுகு சைசுல. ஆனா நல்ல உருட்டு."

நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிப் பக்கத்துக் குட்டைக்குள் இறங்கிவிட்டான்கள்.

ஒரு சனியன். ஆறாம் பாட்டிலில் சாத்தான்குளம் குட்டையில் பிடித்த கேடயக்காரன்கள் ஐந்து. குலுக்கலில் மூடி உடைந்து லாரி சீட் முழுக்க ஃபார்மலின். கண் எரிச்சல் இன்னும் போகவில்லை. ஐந்தையும் எடுத்து நாலாம் பாட்டிலில் போட்டேன். அதில் உப்பளத்து வாய்க்கால் சிவப்புச் சாதி. செத்ததுகள்தானே, சண்டையா போடப்போகிறது?

சீட்டெல்லாம் வீட்டில் வந்து எழுதினேன். நாலு: உப்பள வாய்க்கால், ஆழம் இரண்டு ஆள், அலை உண்டு. ஆறு: ஒன்றும் அகப்படவில்லை.

நவ. 15, திங்கள்

எஸ்தர் குதித்துக்கொண்டு வந்தாள். அவள் காலேஜ் சார் நாலாம் பாட்டிலைப் பார்த்துவிட்டுச் சாப்பிடக்கூடப் போகவில்லையாம்.

"கேடயம் உள்ளது நல்ல தண்ணியிலதான் கெடக்கும் மாமா. உப்பளத்துல யாரும் பாத்ததே இல்லையாம்! சார் எழுதப்போறாங்க, எம்பேரும் சேத்து. சனிக்கெழம வாய்க்கால அவியளே வந்து பாக்காங்க. நீங்கதான் வழி காட்டணும்."

"நான் அப்பமே நெனச்சேன்" என்றேன். என் வாய் எனக்கு முன்னால் போகிறது.

அக்கா தெரு முழுக்கக் கேசரி கொடுத்துவிட்டாள். எனக்கு இரண்டு கரண்டி.

நவ. 18, வியாழன்

வழி ஒன்றுதான் உண்டு. கேடயக்காரன்களை உயிரோடு கொண்டுபோய் வாய்க்காலில் குடிவைத்துவிட்டால் பொய் எங்கே இருக்கிறது?

சாத்தான்குளம் குட்டை வற்றிக் கணுக்கால் அளவு. வலைத்துணியில் அரித்து ஒரு குடம். முன்னூறு இருக்கும். சரி, நாற்பது. உப்பள வாய்க்காலில் மெதுவாக ஊற்றினேன். சுருண்டன. துடித்தன. ஒரு பீடி முடிவதற்குள் எல்லாம் அடியில். சிவப்புச் சாதி மட்டும் மேலே ஜம்மென்று போகிறது.

உப்பு வாரும் பெண் ஒருத்தி பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்ன அண்ணாச்சி, தவளக்குஞ்ச உப்புல போடுதிய?"

"ஆராய்ச்சி, ஏளா."

"எல்லாம் செத்துப்போச்சே."

"ஆராய்ச்சின்னா அப்படித்தான்."

எத்தனை போலீஸ்காரன் என் பேச்சுக்கு மயங்கியிருக்கிறான். கட்டைவிரல் நீளம் இல்லாத ஜந்து மசியமாட்டேன் என்கிறது.

நவ. 20, சனி

தலைவலி என்று சொல்லிப் பார்த்தேன். எஸ்தர் தைலத்தோடு வந்து நிற்கிறாள்.

சார் குள்ளம். குடை. இரண்டு மணி நேரம் வலை போட்டார்கள். சிவப்புச் சாதிதான். எஸ்தருக்கு முழங்கால்வரை உப்புச்சேறு, குதிங்கால் வெடிப்பில் ரத்தம். கரையேறச் சொன்னால் கேட்கவில்லை.

"இருக்கும் சார். எங்க மாமா பாத்திருக்காங்க."

சார் நல்ல மனுஷன். அவரே வழி எடுத்துக் கொடுத்தார். "மழத்தண்ணி உப்புத்தண்ணிக்கு மேலாக நின்னிருக்கும், அந்த நேரம் பிடிச்சிருப்பீங்க. அப்படித்தானே?"

ஆமாம் என்றால் தீர்ந்தது. சார் எழுதுவார், அவள் பேர் அச்சில் வரும். பிறகு எவனாவது குடமும் கையுமாக இங்கே வந்து ஊற்றிப் பார்ப்பான். அன்றைக்கு அவள் பேர் என்ன ஆகும்?

"இல்ல சார். ஒரு பாட்டில் மூடி ஒடஞ்சுபோச்சு. ரெண்டையும் ஒண்ணா ஊத்தினது நான்தான். சீட்டும் வீட்டுல இருந்து எழுதினது."

கூட ஒரு வார்த்தை சேர்க்கலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

சார் வலையைச் சுருட்டினார். எஸ்தர் லாரியில் ஏறவில்லை. அந்தக் காலோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.

நவ. 23, செவ்வாய்

தூறல். மூன்று நாள் கழித்து எஸ்தர் லாரி ஷெட்டுக்கு வந்தாள். நாலு சீட்டையும் ஒரு பென்சிலையும் பானெட்டில் வைத்தாள்.

"நாலாம் பாட்டில் இனிம எதுக்கும் ஆகாது, ஆறு ஒடஞ்சுபோச்சு. மிச்ச நாலுல எது நெசம்? இல்லாதத அடிங்க."

டிரைவர்கள் எல்லாம் பார்க்கிறான்கள். அடித்தேன். முதல் சீட்டில் கூட இருந்ததாக எழுதின முதலை போயிற்று. இரண்டாவதில் 'மண் சிவப்பு' மட்டும் மிச்சம். மூன்றாவதில் ஊர்ப் பெயர் தவிர ஒன்றும் நிற்கவில்லை.

ஐந்தாவது சீட்டு: உடன்குடி ரோட்டோரம், எருமை கிடந்த குழி, மூன்று வகையும் ஒன்றாக. அடிக்க ஒன்றும் இல்லை. முழுக்க நிஜம். சத்தியமாக நிஜம்.

நம்பமாட்டேன் என்கிறாள். எருமையின் கொம்பு எப்படி வளைந்திருந்தது என்பதுவரை சொன்னேன். அதனால் இன்னும் நம்பமாட்டேன் என்கிறாள்! காலை ஆறு மணிக்கு வண்டி, கூட வந்து கண்ணால் பார் என்று கத்திவிட்டேன்.

"வாரேன். வல நான் கொண்டுவாரேன். குழி வாரவரைக்கும் நீங்க வாயத் தொறக்கக் கூடாது" என்கிறாள்.