சிவப்புக் கோடு தாண்டிய காற்று

வாசலில் இன்னும் சோப்புத் தண்ணீர் வாடை போகவில்லை. சோப்பும் ரப்பரும் காய்ந்த சேறும் கலந்த வாடை. நீங்கள் இருந்தவரை நடவுக் காலம் முழுக்க நம் வீடு இப்படித்தான் வீசும். நீங்கள் போன பிறகு இன்றைக்குத்தான் மறுபடி வீசுகிறது. கொண்டுவந்தது யார் தெரியுமா? என் அண்ணன். அதே டிராக்டர். இந்தத் தடவை மறுபக்கத்துப் பின்சக்கரம்.

"ஆத்துல முறை வச்சுத் தண்ணி விடுறான் பாப்பா. நாளைக்கு நம்ம வாய்க்கால அடைச்சிடுவான். இன்னைக்குச் சேறடிக்கலன்னா நாத்து முத்திப் போயிடும். மாப்ள மிஷின ஒரு தடவ போட்டுக்கிறேன்."

மாப்பிள்ளை மிஷின். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது பாருங்கள். அண்ணியும் கூட வந்திருந்தார். முடியாது என்று சொல்ல எனக்கு வரவில்லை. சாக்கைப் போட்டு மூடிவைத்திருந்த காற்று மிஷினை நானே திறந்துவிட்டேன்.

சேற்றில் காற்றைக் குறைத்து ஓட்டுவார்கள். வரப்பில் ஏறித் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டு நழுவிவிடும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அரை நாள் போய்விடும் என்று எல்லாரும் உங்களிடம்தான் வருவார்கள். நீங்கள் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. ரிம்மில் ஒட்டின சேற்றைச் சுரண்டுவீர்கள். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பீர்கள். பார் சோப்பைக் கரைத்துத் தேங்காய் நாரால் டயர் விளிம்பு முழுக்கப் பூசுவது என் வேலை. "இங்க விட்டுட்ட பாரு, இந்த இடத்துலதான் மொரண்டு பிடிக்கும்" என்பீர்கள். டயரில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய வரி ஓடும். அது சுற்றிலும் ஒரே அளவாக வெளியே தெரிந்தால் டயர் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். எங்கேயாவது உள்ளே மறைந்திருந்தால் அங்கே இன்னும் உட்காரவில்லை.

உட்காராத டயரோடு நீங்கள் சண்டைக்குப் போகமாட்டீர்கள். காற்றை முழுக்க இறக்கிவிட்டு, மறுபடி சோப்புப் பூசி, முதலிலிருந்து ஏற்றுவீர்கள். காற்று மீட்டரில் நம் பெண் மாலதியின் நகப்பூச்சை எடுத்துச் சிவப்பாக ஒரு கோடு போட்டிருந்தீர்கள். முள் அதைத் தாண்டக் கூடாது. "இதுக்கு மேல ஏத்துனா அது டயர் இல்ல, வெடிகுண்டு" என்று எனக்கும் மாலதிக்கும் சொல்லிவைத்தீர்கள். அந்த வேலைக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்து, பிள்ளை பெற்றுவிடலாம் என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

அன்றைக்கு அண்ணன் இதே டிராக்டர் டயரோடு வந்தபோதும் அப்படித்தான் தொடங்கினீர்கள். நான் சோப்புப் பூசிவிட்டு, கை கழுவக் கொல்லைக் குழாயடிக்குப் போனேன். நீங்கள் பேசினது எல்லாம் அங்கே கேட்டது.

"ஒரு பக்கம் உக்காரல மச்சான். இறக்கிட்டு மறுபடி ஏத்துவோம்."

"எத்தன தடவதான் இறக்குவ மாப்ள? இன்னும் கொஞ்சம் குடு, தானா உக்காரும்."

"வேணாம் மச்சான். கோட்டத் தொட்டாச்சு."

"டயருக்கே இப்படி நடுங்குறியே, எங்க பாப்பாகிட்ட எப்படிய்யா குடும்பம் நடத்துற?"

வேலியோரம் நின்ற ரெண்டு பேர் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் மச்சானும் ஒருத்தரை ஒருத்தர் வாருவது புதுசா என்ன? நம் கல்யாணப் பந்தியில் ஆரம்பித்தது. கேலி என்னை வைத்து என்பதால் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. நீங்கள் பதிலுக்குச் சுவிட்சைத்தான் போட்டீர்கள். நின்றுபோன மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. திடீரென்று காதைப் பிளக்கிற சத்தம்; ரோட்டில் டிரான்ஸ்பார்மர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்தேன். ஓடி வந்தால், அண்ணன் தூரத்தில் வேப்பமரத்தடியில் நிற்கிறார். டயர் மேல் குனிந்து காற்று ஓஸைப் பிடித்திருந்தது நீங்கள்.

உங்கள் காரியத்தில், பிறந்த வீட்டுக் கோடி என்று அண்ணன்தான் புடவை கொண்டுவந்து என் மேல் போர்த்தினார். நான் தரையில் தலை கவிழ்ந்து கிடந்தேன். என் தலைக்கு மேலே, வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் எவ்வளவோ சொன்னேன், போதும் மாப்ள, இறக்கிடுன்னு. கேட்டாத்தான?" அழுதுகொண்டேதான் சொன்னார். அழுகை பொய்யில்லை. சொன்னதுதான் பொய்.

நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கென்று வந்து நிற்க இருப்பது ஒரு அண்ணன். மாலதிக்குத் தாய்மாமன். வேலியோரம் நின்று சிரித்த ரெண்டு பேரும் மறுத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பேச்சு ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், எல்லா இடத்திலும். "கை வந்த வேலைன்னு தெனாவட்டு. சொன்ன பேச்சக் கேக்கல. அதான்." கோடு போட்டு வேலை செய்த மனுஷனைத் தெனாவட்டுக்காரன் ஆக்கிவிட்டார்கள். நாலு பேர் நடுவே அதைக் கேட்டுக்கொண்டு அரிசி வாங்கி வந்திருக்கிறேன்.

இன்றைக்கும் அதே கதைதான். டயர் ஒரு பக்கம் முரண்டு பிடித்தது. அண்ணன் ஏற்றிக்கொண்டே போனார். துருவைத் தேய்க்கவில்லை. சோப்பைப் பேருக்குத் தெளித்திருந்தார். அண்ணி குனிந்து, உட்காராத இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். முள் சிவப்பை நெருங்கியது. நான் உள்ளே போய் ப்ளக்கைப் பிடுங்கினேன்.

"கரண்டு போயிடுச்சா?"

"நான்தான் நிறுத்துனேன். அண்ணி, தள்ளி வாங்க. நீ காத்த இறக்கு அண்ணே. முழுக்க இறக்கு."

அவர் முனகிக்கொண்டே இறக்கினார். நான் நாரை எடுத்து விளிம்பு முழுக்கப் பூசினேன். அந்த இடத்தில் ரிம்மில் துரு ஒரு விரல் அகலத்துக்கு இருந்தது. தேய்த்தேன். மறுபடி காற்று விடச் சொன்னேன். கோட்டுக்கு வெகு கீழேயே டப்பென்று ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. வரி சுற்றிலும் ஒரே அளவாகத் தெரிந்தது.

அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பரவால்லையே. மாப்ளகிட்ட நல்லாக் கத்துக்கிட்டிருக்க. இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் அன்னைக்கு மட்டும் ஏன்தான் நான் சொன்னதக் கேக்கலையோ" என்றார். என் முகத்தைப் பார்த்தே சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே அது நிஜமாகிவிட்டது போலிருக்கிறது.

"நீ என்ன சொன்ன அண்ணே?"

"போதும், இறக்குன்னு..."

"இறக்குவோம்னு சொன்னது அவரு. இன்னும் கொஞ்சம் குடுன்னது நீ. டயருக்கே நடுங்குறியேன்னு கேட்டதும் நீ. நான் குழாயடியிலதான் நின்னேன். எல்லாம் காதுல விழுந்துச்சு."

எதிர்வீட்டு அக்கா துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டார். அண்ணி அண்ணனைப் பார்த்தார். "அப்படியா சொன்னீங்க?" அவர் டயரை நிமிர்த்தி உருட்ட ஆரம்பித்தார். வண்டியில் ஏற்றின பிறகுதான் திரும்பினார்.

"ஏதோ விளையாட்டுக்குச் சொன்னது. செத்தவனுக்காக இருக்கறவனப் பகைச்சுக்கிறியே பாப்பா. அடுத்த வாரம் உன் பொண்ணப் பாக்க வர்றாங்க. சபையில யாரு உக்காருவா?"

"நான் உக்காந்துக்கிறேன்."

"நீயா? நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"சொல்லட்டும். அவரப் பத்திச் சொன்னதையே கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்."

போய்விட்டார்கள். இனி வருவாரா, தெரியாது. அண்ணி மட்டும் போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனார். ஊர் ரெண்டு நாளில் வேறு மாதிரி பேசும். எதிர்வீட்டு அக்காவே அதைப் பார்த்துக்கொள்வார். உங்கள் பேரில் இருந்த கறையை ஒரு மாதிரித் துடைத்துவிட்டேன். பிறந்த வீட்டு வாசலை அதற்குக் கொடுத்தாயிற்று.

அண்ணனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டியது அப்படியே இருக்கிறது. ஓஸ் அண்ணன் கையில் இல்லை. உங்கள் கையில் இருந்தது. "ஆமா மச்சான், பயமாத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அண்ணன் சிரித்திருப்பார். குடவாசல் கடைத்தெரு வரை பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்திருப்பார். பொழுது சாயும்போது அவருக்கே மறந்திருக்கும். நீங்கள் கை கழுவிக்கொண்டு சாப்பிட வந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஒரு பொழுதுச் சிரிப்பு அது. அதை உங்களால் தாங்க முடியவில்லை. இதை மட்டும் நான் தாங்குவேன் என்று எப்படி நினைத்தீர்கள்?