தொக்கத்தில் வந்த மல்லாட்டை

விழுப்புரம்
9-6-1961

அன்புள்ள அண்ணி அவர்களுக்கு,

ஜெயம் வணங்கி எழுதுவது. திங்கட்கிழமை சௌகரியமாக வந்து சேர்ந்தோம். ரயிலில் கூட்டம் இல்லை. பாண்டு ஜன்னல் கம்பியை நக்கிக்கொண்டே வந்தான். எதிரில் இருந்த அம்மாள் அவனைப் பார்த்து, "உன் பேரு என்னா கண்ணு?" என்று கேட்டாள். நான் சொன்னேன். "ஏன், அவன் வாயத் தொறந்து சொல்லட்டுமே" என்றாள். பல்வலி என்று சொல்லிவிட்டேன். நாலரை வயதுப் பிள்ளைக்குப் பல்வலி! இறங்கும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில் பத்து நாளும் கேப்பைப்பால் குடித்தான், தினமும் வெளிக்குப் போனான். இங்கே வந்ததும் பழையபடி பசும்பாலும் பிஸ்கட்டும்தான். இன்றோடு நாலு நாள் ஆகிறது, வயிறு கல்லாக இருக்கிறது. அதே கேப்பைப்பாலை நான் காய்ச்சிக் கொடுத்தால் டம்ளரைத் தட்டிவிடுகிறான். நீங்கள் எப்படிக் கொடுத்தீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். குடல் சுத்தமானால் பேச்சு தானாக வரும் என்று இங்குள்ள டாக்டர் சொல்கிறார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

என் மாமியார், அதுதான் உங்கள் அம்மா, வழக்கம்போலத்தான். "புட்டிப்பால் குடுத்து வளத்தா பேச்சு எங்கேருந்து வரும்? காலேஜுல படிச்ச மாரு, பால் சொரக்குமா?" என்று வருகிறவர்களிடமெல்லாம் கேட்கிறார்கள். அந்தப் பழைய பவுடர் டின்னைக்கூடப் பரணில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், எடுத்துக் காட்ட.

இன்னும் இரண்டு வாரத்தில் திருவெண்ணெய்நல்லூரிலிருந்து தொக்கம் எடுப்பவர் வருகிறாராம். குடலில் ஒட்டிக்கிடக்கும் தீனியை வயிற்றில் குழல் வைத்து உறிஞ்சி எடுத்துவிடுவாராம். விலங்கியல் படித்தவள் இதற்கும் சரி என்றாள் என்று சிரிக்காதீர்கள். அண்ணனுக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புள்ள
ஜெயம்


திண்டிவனம்
14-6-61

அன்பு ஜெயத்துக்கு பாஞ்சாலி எழுதுவது,

கவர் கிடைத்தது. நான் அஞ்சாவதோடு நின்றவள். பிழை இருந்தால் வாத்தியார் மாதிரி சிவப்பு மை போடாதே.

கேப்பையை முதல் நாளே ஊறப்போட்டு, அரைத்து, துணியில் மூணு தரம் வடிகட்டு. ஒரு திப்பி நாக்கில் பட்டாலும் துப்பிடுவான். கொஞ்சம் பனைவெல்லம் போடு. கொதிக்கும்போது கிண்டிக்கினே இரு, கட்டி தட்டினால் போச்சு. அப்புறம் முக்கியமான சங்கதி, அவன் மூஞ்சியைப் பார்க்காதே. நீ எதிரில் உட்கார்ந்து "குடிடா கண்ணு, குடிடா ராஜா" என்று கெஞ்சுவே. அது அவனுக்கு ஆகவே ஆகாது. முதுகுப் பக்கம் உட்கார்ந்து, டம்ளரை அவன் கைக்கு எட்டுகிறாப்போல வைத்துவிட்டு நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார்.

உங்க அண்ணன் சொல்கிறார்: "மல்லாட்டை மண்டியில பத்து நாள் இருந்துட்டு ஒரு பருப்பத் தொடாத ஒரே ஆளு நம்ம மருமவன்தான். பேசாம அவனையே காவலுக்குப் போட்டுடலாம்." நிஜம்தானே? நான் விளையாட்டுக்கு ஒரு வேர்க்கடலைப் பருப்பை மூக்குக்கிட்ட கொண்டுபோனதுக்கே வாந்தி எடுத்தான். நீகூட என்மேல் கோவிச்சுக்கினே.

தொக்கம் எடுக்கிறவன் வந்தால் வரட்டும், அம்மா மனசு ஆறும். புள்ளையை அழுத்திப் பிடிக்காமல் பார்த்துக்கொள். அம்மா பேச்சைக் காதில் போடாதே. பெத்தவளுக்கு ஒரு பேச்சு, பெறாதவளுக்கு ஒரு பேச்சு. எனக்குப் பதினாலு வருஷப் பழக்கம்.

பாஞ்சாலி


விழுப்புரம்
21-9-1961

அண்ணி,

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எழுதி எழுதிக் கிழித்தேன். இதையாவது கிழிக்காமல் அனுப்ப வேண்டும்.

ஜூன் 23, வெள்ளிக்கிழமை அந்த ஆள் வந்தார். பாண்டு திமிறினான். இரண்டு பேர் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். அதில் ஒருத்தி நான். அவர் முதலில், "புள்ள வெளியூரு எங்கியாச்சும் போச்சா?" என்று கேட்டார். "திண்டிவனம் போய்க்கினு வந்துது. மல்லாட்டை மண்டி வச்சிக்கிறாங்களே, எம் பொண்ணு வூட்டுக்கு" என்று உங்கள் அம்மா சொன்னார்கள். அவர் பையைத் துழாவிக் குழலை எடுத்தார். வயிற்றில் வைத்து உறிஞ்சினார். வாழையிலையில் துப்பினார். அரை மல்லாட்டைப் பருப்பு.

வெள்ளை வெளேரென்று இருந்தது அண்ணி. உடைந்த விளிம்புகூட மழுங்கவில்லை. இருபது நாள் குடலில் கிடந்த எதுவும் அப்படி இருக்காது. வாயில் அடக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

"யாருடி குடுத்தது இத?" என்று உங்கள் அம்மா கேட்டார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். "அண்ணிதான் ஒருநாள் வாயில் வைத்தார்கள்" என்றேன்.

நீங்கள் மூக்கருகே கொண்டுபோனதும் அவன் வாந்தி எடுத்ததும் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அதைக் கொண்டுதான் பொய்யைக் கட்டினேன். நாலரை வருஷமாக என் பால், என் படிப்பு, என் புட்டி, என் கை என்று என்மேலேயே இருந்த கண்களெல்லாம் அன்றைக்கு முதல் தடவையாக வேறு பக்கம் திரும்பின. எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய் சொன்னேன் என்றுகூட அப்போதே எழுதியிருப்பேன். நிம்மதியாக இருந்ததை எழுதத்தான் மூன்று மாதம் ஆகிவிட்டது.

"பெறாதவ கையால ஊட்டினா ஒட்டாம என்னா பண்ணும்?" என்று உங்கள் அம்மா சொன்னபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. உங்கள் தம்பி உங்களுக்குக் கார்டு போட்டார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தடுக்க வேண்டியிருக்கும்.

வயிறும் சரியாகவில்லை, பேச்சும் வரவில்லை. போன வாரத்திலிருந்து பாலையும் விட்டுவிட்டான். விலா எலும்பை எண்ணலாம். நீங்கள் சொன்னபடி மூன்று தரம் வடிகட்டினேன், முதுகுப் பக்கம் உட்கார்ந்தேன். நான் மூச்சுவிடுவதுகூட அவனுக்குக் கெஞ்சுவதுபோல் இருக்கிறதோ என்னவோ, தொடவில்லை. நீங்கள் ஒரு தடவை வந்து கொடுங்கள் அண்ணி. காலில் விழுந்து கேட்கிறேன். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

ஜெயம்


திண்டிவனம்
27-9-61

ஜெயத்துக்கு,

கவர் கிடைத்தது. கிழிக்கவில்லை.

தம்பி எனக்குப் போட்டது கார்டு. மண்டி குமாஸ்தா முத்துசாமி அதை வாங்கி, எனக்கு ஒத்தாசை பண்ணுகிறதா நினைத்து, மூட்டை தைக்கிற பொம்பளைங்க நடுவில் சத்தமாகப் படித்தான். "இனிமேல் என் பிள்ளைக்கு உன் கையால் எதுவும் கொடுக்க வேண்டாம்" என்கிற வரைக்கும் படித்துவிட்டு நிறுத்திட்டான். நிறுத்தினதுதான் பெரிய அசிங்கமாப் போச்சு. "மீதியும் படி" என்று நானே சொன்னேன். மீதியில் நான் பெறாதது இருந்தது.

ஆவணியில் சின்னம்மா வீட்டுக் காதுகுத்துக்குப் போனேன். ஒரு குழந்தை தட்டை எடுத்துக்கினு என் மடியில் வந்து உட்கார்ந்தது. நான் அதன் வாயில் ஒரு வாய் சோறு வைக்கப் போனேன். "அந்த அத்தைகிட்ட வாங்கித் தின்னாத, ஜல்தியா வாடி இங்க" என்று அதோட அம்மா இழுத்துக்கினு போனாள். போகும்போது என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறே. சோறு என் விரலிலேயே இருந்தது. எங்கே வைக்கிறதுன்னு தெரியல.

ஊரே படிக்க ஒரு கார்டு. நான் மட்டும் படிக்க ஒரு கவர். அதையும் கிழிச்சுப் போட்டுடணும். நீ பெரிய படிப்பு படிச்சவ, சொல்லு, இது எந்த ஊரு நியாயம்?

பாண்டு சாப்பிடாமல் கிடக்கிறது எனக்கும் பொறுக்கல. ஆனால் திருட்டுத்தனமாக வந்து ஊட்டிவிட்டுப் போக மாட்டேன்.

பாஞ்சாலி


விழுப்புரம்
4-10-1961

அண்ணி பாஞ்சாலி அவர்களுக்கு விழுப்புரம் ஜெயம் எழுதும் கார்டு. குமாஸ்தா முத்துசாமி அவர்கள் தயவுசெய்து எல்லார் முன்னாலும் சத்தமாகப் படிக்கவும்.

என் நாத்தனார் என் பிள்ளைக்கு மல்லாட்டை கொடுக்கவில்லை. கொடுத்ததாக நான் சொன்னது பொய். தொக்கத்தில் வந்த பருப்பு, வந்தவர் வாயில் இருந்தது. அது தெரிந்தேதான் சொன்னேன். என் பிள்ளைக்கு இன்றுவரை ஒரு வார்த்தை பேச்சு வந்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். இது யார் கையால் தின்றும் வந்தது அல்ல. அவன் வயிறு நிறையச் சாப்பிட்டது என் நாத்தனார் கையால் மட்டுந்தான்.

இதை உங்கள் அம்மாவுக்கும் தம்பிக்கும் படித்துக் காட்டிவிட்டேன். தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் இன்னும் வரவில்லை. "எழுதறதுதான் எழுதற, கவர்ல எழுதினா ஆவாதா? ஏண்டி மானத்த வாங்கற?" என்றார்கள் அம்மா. ஆகாது என்றேன். தபாலாபீஸில் முத்திரை குத்துகிறவர் படிப்பார். படிக்கட்டும். பாண்டு இப்போது பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்கிறான், ஒன்றோ இரண்டோ. கார்டில் இடம் முடிந்துவிட்டது.

ஜெயம்


திண்டிவனம்
9-10-61

ஜெயத்துக்கு பாஞ்சாலி எழுதுவது,

கார்டு வந்தது. தன் பேரே அதில் இருக்கிறதைப் பார்த்து முத்துசாமி பேஜாராகிப்போய் என் கையில் திணிக்கப் பார்த்தான். "எழுதியிருக்குதில்ல, படிடா" என்றேன். மூட்டை தைக்கிறவங்க ஊசியை நிறுத்திட்டுக் கேட்டாங்க. எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கூப்பிட்டால் திரும்ப மாட்டான் என்று வந்த இடத்தில் எனக்கே தாங்காமல் கார்டைப் பிடுங்கிட்டேன். பக்கத்து வீட்டுக்குக்கூட நீ அதைச் சொன்னவள் இல்லை. மிச்சத்தை நான் படித்தேன், திக்கித் திக்கி. நான் கொடுக்கவில்லை என்கிறது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. அது போதும்.

உங்க வீட்டுப் படி நான் ஏற மாட்டேன். அம்மாவே வந்து கூப்பிட்டாலும் மாட்டேன். நீ பிள்ளையைக் கூட்டிக்கினு வா. புதன்கிழமை காலை பாசஞ்சரில் ஏறு, அண்ணன் ஸ்டேஷனுக்கு வருவார். முதல் நாளே கேப்பையை ஊறப்போடுகிறேன். துணிமணி ஒரு மாசத்துக்கு எடுத்துக்கினு வா. வயிறு இளகும், அதை நான் சொல்கிறேன். பேச்சு வருமா என்று மட்டும் என்னைக் கேட்காதே. அவன் பேசணும்னு நான் ஊட்டல. பசிக்குதேன்னு ஊட்டினேன்.

இன்னொண்ணு. உன்கிட்ட முகம் கொடுத்துப் பேச எனக்கு இன்னும் மனசு வரல. எப்போ வரும், வருமா, அதுவும் தெரியல. வந்து இறங்கினதும் அழறது, காலில் விழறது எல்லாம் வேண்டாம். அவனும் பேச மாட்டான், நானும் பேச மாட்டேன். நீயும் சும்மா எங்க பக்கத்தில் உட்கார்ந்திரு.

பாஞ்சாலி